டாக்டர் சொல்லாத வார்த்தை

அந்த யோசனை எனக்குத் தோன்றியபோது என் கையில் இருந்தது, விரல்களை இயந்திரத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்று சொல்லும் இரண்டு பக்கத் தாள். அந்த மாதத்தில் அதை மூன்றாவது முறையாக வாசித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை, காலை ஆறு மணி. ஜுபைலில் குளிர்காலத்து மூடுபனி இறங்கினால் பத்தடி தள்ளி நிற்பவரின் ஹெல்மெட் மட்டும்தான் தெரியும், ஆள் தெரியாது. எங்கள் சைட்டுக்குப் பின்னால் இருக்கும் பிளாண்டில் ஃப்ளேர் எரிந்துகொண்டிருந்தது. உயரமான குழாயின் உச்சியில் மிச்ச வாயுவை எரித்துத் தீர்க்கும் நெருப்பு அது. நெருப்பைப் பார்க்க முடியவில்லை. பனியின் ஒரு பக்கம் மட்டும் ஆரஞ்சு நிறமாக இருந்தது. அந்த நிறம் திடீரென்று பெரிதாகும், பிறகு சத்தமில்லாமல் சுருங்கும்.

எதிரே நாற்பது பேர். வேலை தொடங்குமுன் தினமும் ஐந்து நிமிடம் அவர்களிடம் பாதுகாப்பைப் பற்றிப் பேச வேண்டும். டூல்பாக்ஸ் டாக் என்று பெயர். நான் சேஃப்டி ஆபீசர். திருச்சியில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, அதற்கு மேல் ஒரு வருடம் சேஃப்டி டிப்ளமோவும் முடித்து வந்தவன். வயது இருபத்தைந்து. பேசி முடித்ததும் நாற்பது கையெழுத்து வாங்கிவிட வேண்டும். கையெழுத்து இருந்தால் கேட்டுக்கொண்டார்கள் என்று அர்த்தம். அன்று முன்வரிசையில் ஒருவர் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு தூங்கினார்.

"நேத்து ஒரு படம் பார்த்தேன்" என்றேன்.

திட்டமிட்டெல்லாம் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. நாற்பது பேரும் விழித்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் ரூமில் படுத்துக்கொண்டு, கால்பந்துப் படம் ஏதாவது கிடைக்குமா என்று போனில் துழாவியபோது அது மாட்டியது. பழைய ஹாலிவுட் படம், கறுப்பு வெள்ளை. காலேஜ் புட்பால் நட்சத்திரம் ஒருவனின் கதை என்று போட்டிருந்தது. பத்து நிமிடம் கழித்துத்தான் இது நம் புட்பால் இல்லை என்று புரிந்தது. பந்து உருண்டையாக இல்லை. இரண்டு முனையும் கூராக இருந்தது. அதை நெஞ்சோடு இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுகிறான், எதிரணி மொத்தமும் விழுந்து அமுக்குகிறது. நிறுத்திவிட்டு வேறு படம் தேடியிருக்கலாம். நாயகனாக நடித்தவனின் முகம் விடவில்லை. சிரிக்கும்போது கூட ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பப்போகிறவனைப் போல இருந்தான்.

இதை ஐந்து நிமிடத்தில் சொல்லப் பார்த்தேன். முதல் நிமிடத்திலேயே தடங்கல்.

"புட்பாலுங்கிறீங்க, கையில தூக்கிட்டு ஓடுறாங்கிறீங்க?"

"அமெரிக்காவுல அப்படித்தாண்ணே."

"உதைக்கவே மாட்டானா?"

"எப்பவாச்சும்."

"அப்புறம் எதுக்கு அதுக்குப் புட்பாலுன்னு பேரு?"

"பந்து எப்படி இருக்கும் சார்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். மட்டை உரிக்காத சின்னத் தேங்காய் மாதிரி என்றேன். "புடிக்க வர்றவன்கிட்டேருந்து தப்பிச்சுக் கோட்டத் தொடணும், அதானே? அது கபடிதான் சார். கையில ஒரு தேங்கா இருக்கு, அவ்வளவுதான்."

அன்றிலிருந்து அந்த விளையாட்டுக்குத் தேங்காய்க் கபடி என்று பெயர். நாயகனுக்குக் காலேஜுக்காரன் என்று பெயர். பாதிக் கதையில் ஃபோர்மேன் கடிகாரத்தைத் தட்டினார். "கலாஸ், பாய், கலாஸ். யல்லா." போதும், கிளம்பு என்று அர்த்தம். கையெழுத்துப் போட வந்தவர்கள் ஒவ்வொருவரும் நாளைக்கும் உண்டா என்று கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்து நாளில் படத்தை முடித்துவிடலாம், அதற்குள்ளே அடிபட்டால் மறைக்கக்கூடாது என்ற பாடத்தையும் புகுத்திவிடலாம் என்று கையெழுத்துத் தாளின் பின்பக்கத்திலேயே கதையை ஐந்தாகப் பிரித்து எழுதினேன்.

இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலேஜுக்காரன் எப்படிக் காலேஜுக்கு வந்தான் என்று சொன்னேன். பஞ்சாலை ஊரில் பிறந்தவன். ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவனை அழைத்து வருகிறார்கள், படிப்பைப் பார்த்து இல்லை. சும்மா வைத்திருந்தால் ஊர் கேள்வி கேட்கும் என்று ஒரு வேலையும் கொடுக்கிறார்கள். நூலகத்தில் யாருமே திறக்காத ஓர் அறை இருக்கிறது. அதன் சாவியை வைத்துக்கொள்வதுதான் அவன் வேலை.

சாவி என்றதும் நாற்பது தலையும் வலதுபக்கம் திரும்பின. சிரிப்பு கிளம்பியது.

அங்கே நின்றவர் எங்கள் கபடி டீமின் ரெய்டர். ஒரத்தநாடு பக்கத்துக்காரர், என்னைவிட நான்கு வயது மூத்தவர். அவருடைய விசாவில் ஸ்காஃபோல்டர், அதாவது சாரம் கட்டுகிறவர் என்று இருக்கும். கம்பி கட்டி ஏறி ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. டூல் ரூம் அவர் பொறுப்பில் இருந்தது. கையுறை, கண்ணாடி, சுத்தியல் கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுத்து எழுதிக்கொள்வார். எங்கள் கேம்ப் பாஸ்தான் அவரைக் கொண்டுவந்தவர். ரூம் ஒதுக்குவது, மெஸ் பார்ப்பது எல்லாம் கேம்ப் பாஸ் வேலை. அதைவிட முக்கியமான வேலையாக அவர் நினைப்பது கேம்பின் கபடி டீமை. ஊரில் யாரோ எடுத்த ஒரு ரெய்டு வீடியோ போனுக்குப் போன் தாவி அவர் கைக்கு வந்திருக்கிறது. அடுத்த மூன்றாம் மாதம் ரெய்டர் ஜுபைலில் இறங்கினார்.

ரெய்டர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து எல்லோருக்கும் ஆட்டிக் காட்டினார். "நான்தாண்டா அந்த ஹாலிவுட்டு. பாத்துக்குங்க" என்றார். அவர் சிரித்ததும் மற்றவர்கள் இன்னும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். அப்போதுதான் கவனித்தேன். அவர் உடம்பின் பாரம் முழுவதையும் இடது காலில் வைத்துக்கொண்டு நின்றார். வலது கால் சும்மா தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

டூல் ரூம் ஒரு பழைய கன்டெய்னர். வாசலில் மூன்று இரும்புப் படிகள் உண்டு. அன்று மதியமும் மறுநாளும் தள்ளி நின்று பார்த்தேன். அவர் படியில் நேராக இறங்கவில்லை. பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியைப் பிடித்து, முதலில் வலது காலை இறக்கி, பிறகு இடதைக் கொண்டுவந்து சேர்த்தார். யாராவது பார்த்தால் நின்று, சாவியைத் தேடுவதுபோல் இடுப்பைத் தடவினார்.

செவ்வாய்க்கிழமைக் கதை எனக்கு வாகாக அமைந்தது. காலேஜுக்காரனுக்குத் தோள்பட்டையில் அடிபடுகிறது. யாரிடமும் சொல்லாமல் பிளாஸ்திரியைச் சுற்றிக்கொண்டு ஆடுகிறான். ராத்திரி சட்டையைக் கழற்ற முடியாமல் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்கிறான். அந்த இடத்தில் கொஞ்சம் நடித்தே காட்டினேன். பேச்சு முடிந்ததும் கையுறை வேண்டும் என்ற சாக்கில் டூல் ரூமுக்குப் போனேன்.

"அண்ணே, அந்த முட்டிய ஒரு தடவ காட்டுங்க."

"எந்த முட்டி?"

"கதைய எதுக்குச் சொன்னேன்னு நினைக்கிறீங்க?"

ரெய்டர் வாசலைப் பார்த்தார். பிறகு பேன்ட்டை மேலே சுருட்டினார். வலது முட்டியும் இடது முட்டியும் ஒருவருடையவை என்று சொல்ல முடியாது. வலது முட்டியில் எலும்பின் வடிவமே இல்லை.

"போன மாசம் பிராக்டிஸ்ல திரும்பிருச்சு சார். ஐஸ் வெச்சா அடங்கிடுது. வெள்ளிக்கிழமை செமி ஃபைனல், அடுத்த வெள்ளி ஃபைனல். ரெண்டே ஆட்டம்."

"சைட் கிளினிக்ல காட்டுவோம். நானும் வர்றேன். காட்டுறதால என்ன ஆகிடப்போவுது?"

அவர் பேன்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டார். "சரி, வியாழக்கிழமை காலையில வர்றேன். கேம்ப் பாஸுக்குத் தெரிய வேணாம்."

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். ஒரு பழைய படத்தை வைத்து ஒரு காலைக் காப்பாற்றிவிட்டேன் என்று அக்காவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். அந்த மெசேஜ் இன்னும் போனில் இருக்கிறது. கேட்க முடிவதில்லை.

புதன்கிழமை பனி இன்னும் அடர்த்தியாக இருந்தது. கிரேன்களை நிறுத்திவைத்திருந்தார்கள். ஃபோர்மேனுக்கு அவசரம், எனக்கும் அவசரம். அன்று மதியம் நான் அல் கோபாருக்கு இரண்டு நாள் டிரெய்னிங் போக வேண்டும் என்று திடீரென முடிவாகியிருந்தது. கிளினிக்குக்குத் தனியாகவே போய்விடச் சொல்லி ரெய்டரிடம் சொல்லியிருந்தேன். கதையில் வரவேண்டிய இடம், காலேஜ் டாக்டர் தோளை அழுத்திப் பார்க்கும் இடம். படத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இந்த வருடம் ஆட வேண்டாம், தோள் ஆறட்டும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார். நல்ல மனிதர். நிதானமாகச் சொல்வார். எனக்கு நிதானம் இல்லை. ஃபோர்மேன் ஏற்கெனவே கடிகாரத்தைத் தட்டிவிட்டார்.

"டாக்டர் சொல்லிட்டார், இவன் அன்ஃபிட்" என்றேன்.

அப்படி ஒரு அமைதியை அந்த நாற்பது பேரிடம் நான் கேட்டதில்லை. கதை பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். 

"அப்ப ஊருக்கு அனுப்பிட்டாங்களா?" என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

"அது அடுத்த பார்ட்ல" என்று தாளை மடித்தேன். சீரியல்காரர்கள் நிறுத்துகிற இடத்தில் நிறுத்திவிட்ட பெருமை எனக்கு.

இங்கே வேலைக்கு வந்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. வராதவர்களுக்காகச் சொல்கிறேன். வளைகுடாவுக்கு வர மெடிக்கல் டெஸ்ட் உண்டு. ரத்தம், நெஞ்சு எக்ஸ்ரே, எல்லாம் பார்த்து ஒரே வார்த்தையில் தீர்ப்பு வரும். ஃபிட் என்றால் விமானம். அன்ஃபிட் என்றால், வட்டிக்கு வாங்கியது, விருந்து வைத்தது, மாமியார் வீட்டில் சொல்லிக்கொண்டு வந்தது எல்லாம் அந்த ஒரு வார்த்தையோடு முடிந்தது. இங்கே வந்தபிறகும் ஒரு டெஸ்ட் உண்டு. அதில் அன்ஃபிட் என்றால் பெட்டியைக் கூடப் பிரிக்காமல் திரும்பியவர்கள் உண்டு. கேம்பில் அந்த வார்த்தையை யாரும் விளையாட்டுக்குக்கூடச் சொல்வதில்லை. எனக்கும் அந்த டெஸ்ட் நடந்தது. ஆனால் ரிசல்ட் வருமுன்னே அடுத்த கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டு வைத்திருந்தவன் நான். அந்த வார்த்தை என்னை உரசாமல் போயிருக்கிறது. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அல் கோபாரிலிருந்து வந்த வேன் என்னை நேராகக் கேம்ப் மைதானத்தில் இறக்கிவிட்டது. வாட்டர் டேங்கரைக் கொண்டுவந்து மணலை நனைத்துக் கெட்டிப்படுத்தியிருந்தார்கள். சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. வேலை உடுப்பான கவராலைக் கழற்றிவிட்டு லுங்கியும் பனியனுமாக நான்கு பக்கமும் கூட்டம். ரெய்டர் வியாழக்கிழமை கிளினிக்குக்குப் போனாரா என்று முதலில் பார்த்த ஆளிடம் கேட்டேன். "எதுக்குப் போவணும்? நல்லாத்தானே இருக்காரு?" என்றார்.

ரெய்டர் முட்டியில் தோல் நிறத்தில் ஓர் உறை. அதன்மேல் பட்டையாக டேப். கேம்ப் பாஸ் குனிந்து அந்த டேப்பின் நுனியைத் தன் பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"இவர ஆட விடாதீங்க" என்றேன்.

கேம்ப் பாஸ் நிமிர்ந்தார். கோபப்படவில்லை. அவர் யாரிடமும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "வாங்க சேஃப்டி. எப்ப வந்தீங்க? டீ சாப்டீங்களா?" என்றார். பிறகு என் தோளில் கைபோட்டு ஓர் ஓரமாக நடத்திக்கொண்டு போனார். "நீங்க பேப்பரப் பாத்துக்குங்க. கால நாங்க பாத்துக்குறோம். சரியா?"

ஆட்டத்தில் பெரும்பகுதி எனக்கு நினைவில் இல்லை. ஒரே ஒரு ரெய்டு நினைவிருக்கிறது. எதிரணியில் ஐந்து பேர், கைகோத்து நின்றார்கள். ரெய்டர் கபடி கபடி என்று பாடிக்கொண்டு உள்ளே போனார். அந்தக் குரலில் ஒரு மாற்றமும் இல்லை, மூச்சு சீராகத்தான் இருந்தது. வலது ஓரத்தில் நின்றவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். திரும்பும்போது உடம்பு திரும்பியது, வலது பாதம் மணலில் அப்படியே நின்றது. பாட்டு ஒரு கணம் நின்று, மறுபடி வந்தது. இடைவெளி விட்டதை நடுவர் கவனிக்கவில்லை. மூன்று பேர் மேலே விழுந்தார்கள். ரெய்டர் அவர்களையும் இழுத்துக்கொண்டு கையை நீட்டிக் கோட்டைத் தொட்டுவிட்டார்.

கூட்டம் உள்ளே பாய்ந்தது. அவரைத் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். மேலே இருந்தவர் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கீழே இறக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் முகம் மாறியது. இறக்காதீர்கள், இன்னொரு சுற்று போங்கள் என்று கையால் காட்டினார். எல்லோரும் அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நான் கற்றுக்கொள்ளவில்லை. மறுநாள் காலை மீதிக் கதை சொல்ல எழுந்தபோது ஒரு புது யோசனை. பயமுறுத்திவிடுவோம். படத்தில் பயங்கரமான இடம் ஒன்று இருக்கிறது. பணக்காரப் பெரியவர் ஒருவர், காலேஜுக்கு எல்லாம் செய்பவர், சுருட்டை அணைக்காமலே டாக்டரிடம் வந்து நிற்கிறார். இன்னும் ஓர் ஆட்டம் என்கிறார். டாக்டர் மறுக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து டாக்டரின் நிழல் மட்டும் சுவரில் தெரிகிறது, கையில் ஊசி. காலேஜுக்காரன் தோளில் குத்துகிறார். வலி போய்விடுகிறது. அவன் எழுந்து மைதானத்துக்கு நடக்கிறான். இதை எவ்வளவு இருட்டாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு இருட்டாகச் சொன்னேன். ரெய்டரைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். அவ்வளவு கவனமாக அவர் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"அவன் ஆடினானா?" என்று கேட்டதும் அவர்தான்.

"ஆடினான்."

"ஜெயிச்சானா?"

நேரம் முடிந்துவிட்டது. ஜெயிச்சான் என்று மட்டும் சொன்னேன். மீதி நாளைக்கு என்றேன்.

பத்து மணி டீ நேரத்தில் அவரே என்னைத் தேடி வந்தார். என் ஆபீசாக இருந்த போர்ட்டா கேபினின் கதவைச் சாத்திவிட்டு, உட்காராமல் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், அது என்ன ஊசி?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"படத்துல தோள்ல போட்டாங்களே. பேரு சொன்னாங்களா?"

"அண்ணே, அது கெட்டது நடக்கிற இடம்ணே. நான் அதுக்காகவா சொன்னேன்?"

"ஜெயிச்சான்னு சொன்னீங்க."

"வியாழக்கிழமை கிளினிக் வர்றேன்னீங்க. ஏன் போகல?"

ரெய்டர் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "நீங்கதானே சார் சொன்னீங்க. டாக்டர்கிட்ட போனான், அன்ஃபிட் போட்டுட்டாங்கன்னு. போகாம இருந்திருந்தா யாரு போட்டிருப்பா?" கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். "அந்த வார்த்தைய நான் ஏற்கெனவே ஒருதரம் வாங்கியிருக்கேன். போலீஸ்ல கபடிக் கோட்டா. ஆட்டத்துல என்னத் தொட ஆளு இல்ல. கடைசில நெஞ்சளவு எடுத்தாங்க. அர சென்டிமீட்டரு. அன்ஃபிட்டுன்னு எழுதி, அதுல என்னையே கையெழுத்துப் போடச் சொன்னாங்க. இன்னொருதரம் என்னால முடியாது. இப்ப திருப்பி அனுப்பினா, ஆடப்போன எடத்துல கால ஒடிச்சுக்கிட்டு வந்துட்டாம்பாங்க. மறுபடி எந்தக் கம்பெனி என்னக் கூப்பிடும்?"

"யாரும் அனுப்பமாட்டாங்கண்ணே."

"உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

தெரியாது. மேசையில் கிடந்த தாள்களை நேராக அடுக்கினேன். அவர் எனக்காகப் பரிதாபப்பட்டவரைப் போலப் பேச்சை மாற்றினார். "சும்மாத்தான் கேட்டேன், விடுங்க. கேம்ப் பாஸ் ஏற்பாடு பண்ணிட்டார். பக்கத்துக் கேம்ப்ல ஒருத்தர் இருக்காராம், ஊர்ல கம்பவுண்டரா இருந்தவரு. வியாழக்கிழமை சாயங்காலம் வர்றாரு. என்ன மருந்துன்னு தெரிஞ்சா நல்லாருக்குமேன்னு பாத்தேன்." கதவைத் திறந்துகொண்டு போனார். வெளியே ஒரே ஒரு படிதான். அதில் இறங்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் கதையின் கடைசிப் பகுதியைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. விரல்களைப் பற்றிய தாளை நான்காம் முறையாக வாசித்தேன். "காலேஜுக்காரன் லீவா சார்?" என்று ஒருவர் கேட்டார். யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை. பனி இன்னும் கலையவில்லை. ரெய்டர் பின்வரிசையில் கன்டெய்னர் சுவரில் சாய்ந்து நின்றார்.

அங்கிருந்து நேராக வேனில் சைட் கிளினிக்குக்குப் போனேன். அங்கே இருக்கும் நர்ஸ் நாகர்கோவில்காரர், எல்லோரும் பிரதர் என்று கூப்பிடுவோம். யார் என்று சொல்லாமல் கேட்டேன்.

"ஆளு யாருன்னு எனக்குத் தெரியும் தம்பி. ஊரு முழுக்க வெள்ளிக்கிழம பாத்ததுதானே" என்றார். "ஊசியப் பத்திக் கேக்கியளா? வலி தெரியாது. வலி தெரியலேன்னா எந்த எடத்துல நிக்கணும்னு அவருக்குத் தெரியாது. இப்ப உள்ள கிழிஞ்சிருக்கது பாதின்னு வையுங்க. மீதியும் போயிரும். பொறவு ஏணியில ஏறவே முடியாது. அப்ப நான் எழுதலேன்னாலும் வேற யாராவது அன்ஃபிட்டுன்னு எழுதுவாவ."

"இப்ப வந்தா?"

பிரதர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். இரண்டு வருடமாக நான் வரிசையாக ஃபைலில் கோத்து வைக்கிற படிவம். அடியில் மூன்று கட்டங்கள் இருந்தன. முதலாவது ஃபிட். கடைசியில் அன்ஃபிட். நடுவில் இன்னொன்று: இன்னின்ன வேலை தவிர மற்ற வேலைக்குத் தகுதி. உயரத்தில் ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று பக்கத்தில் எழுத இடம் விட்டிருந்தது. 

"டூல் ரூம்லதான நிக்காரு? அதுல நிக்கலாம். ஆடக்கூடாது, அம்புட்டுதான். டாக்டர் செவ்வாய்க்கிழம வாராரு."

"இதுல டிக் போட்டா கம்பெனி அனுப்பாதா?"

"எழுத்துல அனுப்ப முடியாது." அவர் படிவத்தைத் திரும்ப எடுக்கவில்லை. "மத்ததெல்லாம் எனக்குத் தெரியாது. ஆடுறதுக்குன்னு கூட்டிட்டு வந்த ஆள, ஆடாதன்னு எழுதின பொறவு எத்தன நாள் சாவியோட வச்சிருப்பாங்கன்னு நான் எப்படிச் சொல்லுகேன்?"

சாவி என்று அவர் சொன்னதும் படிவத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன். படத்தின் கடைசிக் காட்சியை நான் யாருக்கும் சொல்லவில்லை. காலேஜுக்காரன் ஜெயித்ததும் கூட்டம் அவனைத் தோளில் தூக்குகிறது. கையசைக்கப் பார்க்கிறான். வலது கை எழவில்லை. இடது கையை அசைக்கிறான். திங்கட்கிழமை நூலகத்துக்குப் போகிறான். மேசைக்குப் பின்னால் இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டுகிறார். சாவியைத் திருப்பிக் கேட்கிறார். அவ்வளவுதான் படம்.

இதை மாற்றிச் சொல்லிவிடலாமா என்று மதியம் முழுவதும் யோசித்தேன். தோற்றான் என்று சொல்லலாம். மைதானத்திலேயே செத்தான் என்று சொல்லலாம். அந்த டாக்டரை வில்லனாக்கலாம். ஒவ்வொன்றையும் எழுதிப் பார்த்துவிட்டு அடித்தேன். ஒரு வார்த்தையை அவசரத்தில் மாற்றிச் சொன்னதால்தான் ஒருவர் இப்போது வியாழக்கிழமை சாயங்காலத்துக்காகக் காத்திருக்கிறார். இன்னும் ஒன்றை மாற்றினால் அவர் அதிலிருந்து என்ன எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியாது. 

அதனால் நாளை காலை செய்யப்போவது இது. முதல் வாக்கியம் முடிவாகிவிட்டது: அன்ஃபிட்னு டாக்டர் சொல்லல, நான்தான் சொன்னேன். இரண்டாவதாக டாக்டர் உண்மையில் என்ன சொன்னார் என்பதைச் சொல்ல வேண்டும், கண்ணாடியைத் துடைத்ததோடு சேர்த்து. பிறகு எழாத கைவரை, திருப்பிக் கேட்ட சாவிவரை, படத்தில் இருப்பதை இருக்கிறபடி சொல்லப்போகிறேன். கடைசியில் அந்தப் படிவத்தை நாற்பது பேருக்கும் காட்டப்போகிறேன். பனியில் பின்வரிசைக்குத் தெரியாது, கைக்குக் கை மாற்றி அனுப்பச் சொல்ல வேண்டும். நடுவில் இருக்கும் கட்டத்தை மஞ்சள் மார்க்கரால் சுற்றி வைத்திருக்கிறேன். இத்தனைக்கும் ஐந்து நிமிடம்தான். ஃபோர்மேனிடம் பத்து கேட்டிருக்கிறேன். "ஏழு" என்றார்.

கேம்ப் பாஸிடமும் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொடுத்ததாக ஆகக்கூடாது. அவர் டீ கொண்டுவரச் சொன்னார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். "கத சொல்றது உங்க டூட்டில இருக்கா சேஃப்டி?" என்று மட்டும் கேட்டார். அதை அவர் எங்கே போய்க் கேட்பார், என்னுடைய சாவி எது, அதை எவ்வளவு சீக்கிரம் திருப்பிக் கேட்பார்கள் என்பதெல்லாம் அப்புறம்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளினிக் வேனில் இரண்டு இடம் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் என் பெயர் இருக்கிறது. இன்னொன்றை எழுதாமல் விட்டிருக்கிறேன். நாளைப் பேச்சு முடிந்ததும் அந்தத் தாளையும் ஒரு பேனாவையும் எடுத்துக்கொண்டு டூல் ரூமுக்குப் போக வேண்டும். அவர் மூன்று படி இறங்கி வரவேண்டாம். நானே ஏறிப்போகிறேன்.